நட்சத்திரம் இல்லாத ஆயில்

பெர்னடின் ஓடிப்போனாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, பட்டப்பகலில், தெருவே பார்க்க முன்வாசல் வழியாக இறங்கிப் போனால் அதற்குப் பெயர் ஓடிப்போவதா? போன ஞாயிறு மாதா கோயில் படியில் கிளாரா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு டப்பா ஆயிலுக்காகக் கூடப்பிறந்த அண்ணனையே விட்டுட்டுப் போயிட்டாளே, அவளெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றாள்.

"ஒரு டப்பா இல்லடி, அஞ்சு டப்பா. வம்பு பேசினாலும் கணக்கா பேசு" என்றேன். அவளை அங்கேயே நிறுத்திவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூசை மணி அடித்தது. அடிக்கட்டும்.

பெர்னடின் எங்கள் ஹாம்ட்ராமிக் தெருவிலேயே பிறந்தவள். பத்தொன்பது வயதில் டெட்ராய்ட் இன்ஜின் தொழிற்சாலையில் சேர்ந்து, அதை மூடும்வரை கேம்ஷாஃப்ட் தீட்டினாள். இன்ஜின் வயிற்றுக்குள் சுற்றுகிற தண்டுதான் அது. அதில் பதினாறு மேடுகள். ஒவ்வொரு மேட்டின் மேலும் டேப்பட் என்கிற சின்ன இரும்பு உருண்டைக்கட்டை ஒன்று உட்கார்ந்திருக்கும். மேடு தூக்கும்போது அது எழும்பித் தன் மேலுள்ள கம்பியைத் தள்ளும். எழும்பினால் மட்டும் போதாது, தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவும் வேண்டும்; அது சுற்றினால் மேலுள்ள கம்பியும் சுற்றும். சுற்றாத டேப்பட் ஒரே இடத்தில் உரசி மேட்டைத் தின்றுவிடும். அதற்காகவே மேட்டின் முதுகைக் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சாய்த்துத் தீட்டுவார்கள். அந்தச் சாய்வை பெர்னடின் கட்டைவிரல் நகத்தால் தடவியே சொல்லிவிடுவாளாம். அளவுகோலை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு போவார்களாம்.

வேலைக்குச் சேர்ந்த மறுவருடம் அவள் ஒரு நீலநிறக் கார் வாங்கினாள். நீண்ட மூக்கு. கிளப்பினால் பக்கத்து வீட்டில் என் அலமாரியில் தட்டுகள் ஆடும். அம்மா அப்பா போன பிறகு கல்யாணம் ஆகாத அண்ணன் ஸிக்மண்டுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அவன் வீட்டிலேயே இருந்தாள். கார் அவன் கொட்டகையில் நின்றதால், பார்க்கிறவர்களிடமெல்லாம் அவன் "என் கார்" என்பான். அவள் திருத்தியதே இல்லை.

போன வருடம் இன்ஜினைப் பிரித்துப் புதுசாகக் கோத்தாள். ஸிக்மண்ட் கடைக்குப் போய் இருப்பதிலேயே உயர்ந்த ஆயிலை வாங்கி வந்தான். டப்பாவின் முகத்தில் நட்சத்திர முத்திரை. எனக்கு எழுத்துத் தெரியாது, நட்சத்திரம் தெரியும். ஊற்றி ஓட்டினார்கள். அன்று சாயங்காலமே மூன்று மேடுகள் மழுங்கிப்போயின.

"நீ தீட்டின கேம்தானே, அப்புறம் எப்படி இருக்கும்?" என்று நாலு பேர் முன்னால் சிரித்தான்.

அவள் சண்டை போடவில்லை. குளிர்காலம் முழுக்க என் சமையலறையில் உட்கார்ந்து டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "நட்சத்திரம் இருந்தா நல்ல ஆயில்தான் அக்கா. ஆனா புது வண்டிக்கு. அதுல டேப்பட்டுக்கு அடியில உருளை இருக்கு, உரசாது. புகைக்குழாய் கெடாம இருக்கணும்னு ஆயில்ல துத்தநாகத்தைக் குறைச்சுட்டாங்க. கொட்டகையில நிக்கிற என் கிழவனுக்கு அந்தத் துத்தநாகம்தான் தோல். தோலை உரிச்சுட்டு ஓடுன்னா எப்படி ஓடுவான்?"

அவளிடம் ஒரே ஒரு கேம்தான் மிச்சம் இருந்தது. அவளே தீட்டியது, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். கூட வேலை பார்த்த ரமோனா ஒரு மணி நேர தூரத்து டோலிடோவில் இன்ஜின் பட்டறை வைத்து, பழைய இன்ஜின்களுக்கு மறுஉயிர் கொடுக்க வா வா என்று மூன்று வருடமாகக் கூப்பிடுகிறாள். "என் இன்ஜினையே காப்பாத்தத் தெரியாதவ ஊரான் இன்ஜினை எப்படித் தொடுவேன்? இது பிழைச்சா டோலிடோ. செத்தா இங்கயே கிடந்து அண்ணனுக்கு பீட்ரூட் சூப் வைக்கிறேன்" என்றாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை. அந்தக் கடைசிக் கேமை இன்ஜினுக்குள் மாட்டி முடித்திருந்தாள். கம்பிகள் தெரியும்படி இன்ஜினின் இரண்டு பழைய மூடிகளை மேலே வெட்டி மாட்டியிருந்தாள். பதினாறு கம்பிகளிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒவ்வொரு பொட்டு, கம்பி சுற்றுகிறதா என்று பார்க்க. வேலிக்கு வெளியே தெருக்காரர்கள் காப்பியோடு நின்றார்கள். கிளப்புவதற்கு முன் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி விரலில் தேய்த்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் ஊற்றியது துத்தநாகம் நிறைந்த, நட்சத்திரம் இல்லாத பச்சை ஆயில். விரலில் இருந்தது தேன் நிறம்.

"அண்ணே, ஆயிலை மாத்தினியா?"

"உன் நல்லதுக்குத்தான். நட்சத்திரம் போட்டது. நீ வாங்கினது ஏதோ ட்ராக்டருக்கு ஊத்துற மாதிரி இருந்துச்சு, கீழ கொட்டிட்டேன்."

நல்ல எண்ணத்தில் செய்தான் என்று கிளாரா சொல்கிறாள். செய்திருக்கலாம். டோலிடோ பேச்சு அவன் காதில் விழுந்திருந்ததும் எனக்குத் தெரியும்.

பெர்னடின் என் பக்கம் திரும்பி, "அக்கா, அதை எடுத்துட்டு வாங்க" என்றாள். அண்ணனைத் தெரிந்தவள் ஆயிற்றே. இன்னும் ஐந்து டப்பாவை என் வீட்டில் முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் வைத்திருந்தாள். தேன் நிற ஆயிலை ஒரு சொட்டு விடாமல் வடித்தாள், வடிகட்டியை மாற்றினாள், பச்சையை ஊற்றினாள். துளைபோடும் மிஷினால் பம்பைச் சுற்றி, ஆயில் மேலே ஒவ்வொரு வால்வுக்கும் ஏறிவந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாவியைத் திருகினாள்.

முதல் இருபது நிமிஷம் இன்ஜினை மெதுவாக ஓட விடக்கூடாது, உறுமிக்கொண்டே இருக்க வேண்டும். தெரு அதிர்ந்தது. கம்பிகள் ஏறி இறங்கியபடியே சுழல ஆரம்பித்தன. வேகம் கூடக்கூடச் சிவப்புப் பொட்டுகள் பொட்டுகளாக இல்லை, சிவப்பு வளையங்களாக மாறிவிட்டன. ஒன்றைத் தவிர. ஏழாவது கம்பியில் பொட்டு பொட்டாகவே நின்றது.

"போச்சு" என்றான் ஸிக்மண்ட்.

பெர்னடின் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆயில் தெறிக்க, குனிந்து, ஆக்ஸிலரேட்டரை ஒரு முடி அளவு கூட்டினாள். ஒரு முடி குறைத்தாள். மறுபடி கூட்டினாள். அந்தப் பொட்டு நகர்ந்தது. தயங்கிச் சுற்றியது. பிறகு மற்றதோடு சேர்ந்து வளையமாகிவிட்டது. எனக்கு எழுபத்தாறு வயது, எத்தனையோ திருப்பலி பார்த்திருக்கிறேன், என்னை அறியாமல் சிலுவை போட்டுக்கொண்டது அன்றைக்குத்தான். வேலியோரம் ஒருவரும் காப்பியை உறிஞ்சவில்லை. இருபது நிமிஷமும் பதினாறு வளையங்கள்.

நிறுத்தி, ஆயிலை வடித்து, காந்தத்தால் துழாவிப் பார்த்தாள். கொஞ்சம் கறுப்புச் சேறு. ஒரு இரும்புச் சில்லுகூட இல்லை.

மறுவாரம் வியாழக்கிழமை காரை முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். நான் வழிக்கு ரொட்டி கொடுக்கப் போயிருந்தேன். ஸிக்மண்ட் மேஜையை விட்டு எழவில்லை.

"சூப்பு?"

"அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்கோ."

"என் காரை எடுத்துட்டுப் போற."

"என் கார், அண்ணே."

முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை திருத்தினாள். கோட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள், வெளியே இறங்கினாள்.