என் மேல் அடித்த மீன் வாடை

அந்தமானின் லாங் ஐலண்டில் மீன் பெட்டி ஏற்றும் வேலையைப் பாதியில் விட்டு, மனைவியைத் தாங்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்தேன். மூன்று மாதக் கர்ப்பிணி. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. காலையிலிருந்து சிறுநீரும் போகவில்லை. நான் இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் இன்னும் குமட்டினாள்.

டிரிப் ஏற்றிய நர்ஸ் என் மேல் அடித்த மீன் வாடைக்கு மூக்கைச் சுளித்து, இந்தி கலந்த தமிழில் கேட்டார். "மச்லி வேலையா, பையா? வெளியே போய் நில்லுங்க."

வாசலுக்குப் போனேன். சற்று நேரத்தில் அவளுக்குக் குமட்டல் தணிந்தது.

"மீன் வாடைதான் ஒத்துக்கலைன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்று அங்கிருந்தே கேட்டேன்.

"சொன்னா இந்த வேலையையும் விட்டுட்டு வேற தீவுக்குக் கிளம்பிடுவீங்க. பிள்ளையைச் சுமந்துக்கிட்டு நான் எங்க அலையறது?"

வாந்தியைவிட, ஓரிடத்தில் நிற்காத என் கால்களுக்குத்தான் அவள் அதிகம் பயந்திருக்கிறாள்.

மறுநாள் காலை, அதே லாங் ஐலண்டில், வீடு கட்டுமிடத்தில் மணல் சுமக்கச் சேர்ந்தேன்.