தறி நின்றபோது சுழன்ற தட்டு

மகளுக்கு ஐந்து மாதமானபோது, அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்ற பயம் எனக்கு வந்தது. முதுகுப் பக்கம் நின்று கைதட்டினேன், திரும்பவில்லை. கிலுகிலுப்பையைக் கண்ணெதிரே ஆட்டினால் சிரித்தாள். தலைக்குப் பின்னால் ஆட்டினால் தன் பாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டியே விசைத்தறிக் கூடம். பகலும் இரவும் ஓடும். சேலத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அந்தச் சத்தம் ஒருவழியாகப் பழகிவிட்டது. ஆனால் நான் கொண்டுவந்த இசைத்தட்டுகள் அதில் மூழ்கிப்போயின.

பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள சின்னத் தட்டுகள் அவை. ஏற்காட்டு எஸ்டேட் பங்களாக்களைக் காலி செய்தவர்களின் சாமான்கள் சேலத்தில் ஒரு பழைய சாமான் கடைக்கு வரும். கல்லூரி விட்டதும் அங்கே போய்க் கிளறுவேன். வெளிநாட்டில் நாலைந்து பையன்கள் கார் ஷெட்டில் சேர்ந்து பழகி, கிதாரும் டிரம்முமாக அடித்த அறுபதுகளின் பாட்டுகள். பாடுவதைவிடக் கத்துவது அதிகம். வீட்டில் அதிர்ந்து பேசாத எனக்கு அவை ஏன் பிடித்தன என்று தெரியவில்லை. சில தட்டுகளின் நடுவே பெரிய ஓட்டை. பிளேயரில் நிற்காமல் ஆடும். என் கணவர் ஒன்றும் கேட்காமல், நூல் சுற்றும் ஒரு பாபின் கட்டையை வட்டமாகச் சீவித் துளையிட்டு, அந்த ஓட்டைக்குப் பொருத்திக் கொடுத்தார்.

கர்ப்பமாக இருந்தபோது, தறிச் சத்தத்தை மீறிக் கேட்கவேண்டும் என்று பிளேயரைப் பக்கத்திலேயே வைத்து முழுச் சத்தத்தில் போடுவேன். இப்போது அதுதான் உறுத்தியது. குழந்தையின் செவியை நானே கெடுத்துவிட்டேனோ?

மாமியாரிடம் சொன்னேன். "வெரலச் சப்பிக்கிட்டுக் கெடக்கற புள்ளைக்கு எதுக்குச் சாமி பரீச்ச வெக்கற? பள்ளிக்கூடம் போனா வாத்தியாரு வெப்பாரு" என்றார். ஆனால் சற்று நேரத்தில் அவரே சமையலறையில் ஒரு தட்டத்தை வேண்டுமென்றே கீழே போட்டுவிட்டு, குழந்தையை எட்டிப் பார்த்தார்.

"திங்கக்கெழம ஈரோட்டுல டாக்டருகிட்டக் காட்டிப்போடலாம். அதுவரைக்கும் ரோசன பண்ணாத புள்ள" என்றார் கணவர்.

அதற்கு முன்பே ஒரு மத்தியானம் கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒரேயடியாக நின்றன. தெருவில் போன சைக்கிளின் மணி கூடக் கேட்டது. தொட்டிலில் தூங்கிய குழந்தை திடுக்கிட்டு விழித்து அழுதாள். கரண்ட் போகும்போதெல்லாம் அழுவாள். விசிறி நின்ற புழுக்கம் என்றே நினைத்திருந்தேன். அன்றைக்கு மழை. விசிறியே போடவில்லை. அப்படியானால் தறிச் சத்தம் நின்றதுதான் அவளை எழுப்பியதா?

என் பிளேயர் பேட்டரிக் கட்டையிலும் ஓடும். குழந்தையை எனக்கு முதுகு காட்டி மாமியார் மடியில் உட்காரவைத்து, இருப்பதிலேயே இரைச்சலான தட்டைப் போட்டேன். முதலில் ஊசியின் கரகரப்பு. பிறகு டிரம். அழுகை பாதியில் நின்றது. குழந்தை தலையைத் திருப்பி என் பக்கம் பார்த்தாள்.

"அட, திரும்பீட்டா கண்ணு! தறி மறுபடி ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டாளாட்ட இருக்குது" என்று மாமியார் சிரித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. "நான் அசைஞ்சதப் பாத்திருப்பாளோ, அத்தை?"

பிளேயரை அடுத்த அறைக்குத் தூக்கிப்போய், கதவை ஒருக்களித்து மறுபடி போட்டேன். இடுக்கு வழியே பார்த்தால், குழந்தை கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரை இடம் மாறி உட்காரச் சொல்லி இன்னொரு முறை போட்டேன். அப்போதும் கதவைத்தான் பார்த்தாள்.

"போதுஞ் சாமி. புள்ளைக்குக் கழுத்து சுளுக்கிக்கும்" என்றார் மாமியார்.

கரண்ட் வந்தது. தறிகள் ஓடத் தொடங்கின, பாட்டு அமிழ்ந்துபோயிற்று, குழந்தை நிம்மதியாகத் தூங்கிவிட்டாள்.

ஆனாலும் திங்கட்கிழமை ஈரோட்டுக்குக் கிளம்பினோம். நான்தான் பிடிவாதமாக நின்றேன். பஸ் ஏறும்போது கணவர், "டாக்டருக்குப் போட்டுக் காட்ட அந்தத் தட்டயும் எடுத்துக்கிட்டயா?" என்று கேலி செய்தார். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அதில் குழந்தையின் துணிகளுக்கு அடியில் தட்டு இருந்தது. காது நன்றாகத்தான் கேட்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை பையை மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தேன்.