அக்கா சொன்ன ஓகே

விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம், "இந்த வாரம் ஊருக்கு வரியா?" என்று கேட்டிருந்தேன். போனில் "ஓகே" என்று மட்டும் பதில் வந்தது. அதைப் படித்ததும் கமலா அக்காவின் குரல்தான் காதில் கேட்டது.

செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு அந்த வார்த்தையைக் கொண்டுவந்தவள் அக்காதான். நர்ஸ் படிப்புக்குப் போன புதிதில் எதற்கும் ஓகேதான். சாப்பிடக் கூப்பிட்டாலும் ஓகே, அம்மா திட்டினாலும் ஓகே.

படிப்பு முடியும் முன்பே அவலூர்பேட்டையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல குடும்பம்தான். ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் படிப்பு வேண்டாம் என்றார்கள். நைனா அடுப்படிக்கு வந்து, "இன்னாம்மா சொல்ற?" என்று கேட்டார். அக்கா தலை நிமிராமல், "ஓகே நைனா" என்றாள். அம்மா உடனே சம்மதம் என்று வந்தவர்களுக்குச் சர்க்கரை கொடுத்துவிட்டாள்.

கோட்டை மலையில் வெயில் இறங்கிய பிறகு, நைனா அக்காவின் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நீ சொன்னது சரிங்கற ஓகேவா, ஆள வுடுங்கற ஓகேவா?"

 அக்கா, "படிச்சு முடிச்சிட்றேன் நைனா" என்று சொல்லி அழுதாள்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

மறுநாள் காலை அவரே அவலூர்பேட்டைக்கு பஸ் ஏறினார். கொடுத்த வாக்கை மாற்றிப் பேசிப் பழக்கமில்லாத மனிதர். அங்கே என்ன பேச்சு வாங்கினார் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மத்தியானம் திரும்பி வந்தவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "பசிக்குது, சோறு போடும்மா" என்று அக்காவிடம் கேட்டார்.