தாடைக்கட்டு மாப்பிள்ளை

ஹாக்கி பிளேயர் என்றதும் உங்கள் மனத்தில் ஓர் ஆள் வந்து நிற்பான். அந்த ஆள் நானில்லை. அறுபது வயதைத் தாண்டிய பிறகும், தாராவியில் என் பை தைக்கும் பட்டறைக்கு வருகிறவர்கள் குனிந்து என்னிடமே "முதலாளி எங்கே தம்பி?" என்று கேட்கிறார்கள்.

ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் ஒரு பஞ்சாலை எனக்குச் சம்பளம் கொடுத்தது, நூல் நூற்க அல்ல, கோல் போட. என் ஆட்டத்தில் பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. எதிரணித் தடியன்கள் குனிந்து தேடுவதற்குள் அவர்கள் இடுக்கில் புகுந்து பந்தைத் தள்ளிவிடுவேன். கண்டுபிடித்துவிட்டார்களானால் நேரே ஆலை டாக்டரிடம் போகவேண்டியதுதான். மாதுங்காக்காரரான டாக்டர் அனந்தநாராயணன் என்னைப் பார்த்ததும், "வாடா ஜமால், இன்னிக்கு எந்த எலும்பைக் கொண்டு வந்திருக்கே?" என்பார். தோள், மணிக்கட்டு, விலா என்று எல்லாவற்றையும் காட்டியாயிற்று.

இந்த உடம்புக்குத்தான் என் சிநேகிதன் கரீம் பாட்சா பெண் பார்த்தான். தோல் வியாபாரி ஜெயினுலாப்தீனின் மகள் சாயிரா. அவரிடம் காட்டிய டீம் போட்டோவில் நான் முன்வரிசையில் கோப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். அவர் நேரில் வந்தபோதும் காலில் மாவுக்கட்டு இருந்ததால் எழுந்திருக்கவில்லை. மனிதர் கட்டைப் பார்த்தாரே தவிர உயரத்தைப் பார்க்கவில்லை.

"கேட்டுக்கிடும் வே," என்றார். "கல்யாணம் முடியுத வரைக்கும் அந்தக் கம்பத் தொடப்படாது. இன்னொரு எலும்பு ஒடஞ்சா என் மவளத் தரமாட்டேன்."

சரி என்றேன். சாயிராவை ஒரே ஒரு தடவை மாடி ஜன்னலில் பார்த்திருந்தேன். யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காக ஹாக்கி என்ன, ஆலையையே விடலாம் என்று வீராப்பாக நினைத்துக்கொண்டேன்.

அந்த வீராப்பு நிக்காஹுக்கு இரண்டு நாள் முன்புவரை தாங்கியது. அன்று அரையிறுதி ஆட்டம். கேப்டன் ரோஷன் வந்து, "பஸ், கடா ரெஹ்னா பாய்," என்று கெஞ்சினான். சும்மா நின்றால் போதுமாம். நானும் சும்மா நிற்கத்தான் போனேன். சத்தியமாக. கடைசியில் பந்து காலடிக்கு வந்தது. அடித்தேன். கோல்! கையைத் தூக்குவதற்குள் எதிரணி ஃபுல்பேக்கின் மட்டை என் தாடையில் இறங்கியது.

டாக்டர் பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டி, தலையைச் சுற்றித் துணியும் போட்டார். நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டது.

"பயப்படாதல. பூவுல முகம் மறஞ்சிரும். சம்மதம்னு, கபூல்னு ஒரு வார்த்த சொல்லிரு, போதும்," என்றான் கரீம் பாட்சா. அவன் மூளையை நம்பிய நான்தான் முட்டாள்.

பந்தலில் நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் முன்னால் முகம் நிறையப் பூச்சரத்தோடு உட்கார்ந்தேன். ஹஜ்ரத் கேட்டார். நான் சொன்னேன். கன்றுக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் கேட்டார். மறுபடியும் கன்றுக்குட்டி.

மாமனார் எழுந்து வந்து பூவை விலக்கினார்.

"அட பாவி! மாப்பிள கேட்டா பொட்டலம் கட்டிக் கொண்டாந்திருக்கான்! எந்திரிடே!"

எழுந்தேன்.

"எந்திரின்னு சொன்னேன்!"

"அவன் எந்திரிச்சுத்தான் நிக்கான் மாமா," என்றான் கரீம் பாட்சா, மெதுவாக.

பந்தலே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கல்யாணம் இல்லை, எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார். எனக்கு அழுகை முட்டியது. வாயைத் திறந்து அழக்கூட வழியில்லை.

அப்போது பெண்கள் பக்கத்துத் திரையருகே சாயிராவின் பெரியம்மா நூர் நிஷா வந்து நின்றார். "புள்ள ஒண்ணு கேக்கச் சொல்லுதா. இனிமேலும் வெளையாடப் போவாரான்னு."

கரீம் பாட்சா என் விலாவில் இடித்தான். மாட்டேன் என்று தலையாட்டினால் முடிந்தது. எனக்கும் அது தெரியும். ஆனால் பந்து காலுக்கு வரும் அந்த நேரம் ஒன்றில்தான் நான் குள்ளனில்லை. அதையும் கொடுத்துவிட்டு அவள் முன்னால் யாராகப் போய் நிற்பது? அவள் போய்விடுவாள் என்று தெரிந்தே, ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வலியில் உயிர் போனது.

மாமனார் கையை உதறினார். "பாத்தியா? கொழுப்ப பாத்தியா!"

திரைக்குப் பின்னாலிருந்து சாயிராவே பேசினாள். "வாப்பா, இந்த நெலமையிலயும் பொய் சொல்லல. ஒடஞ்சது ஒட்டிக்கிடும். ஹஜ்ரத்த இன்னொருவாட்டி கேக்கச் சொல்லுங்க."

ஹஜ்ரத் மாமனாரைப் பார்த்தார். அவர் என் தாடைக்கட்டை இன்னொருமுறை பார்த்துவிட்டு, "கேளுங்க," என்றார். வாய் கட்டியவனுக்குத் தலையசைப்பும் செல்லும், சாட்சிகள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் கேட்டார். நான் முனகினேன், தலையையும் ஆட்டினேன்.

கம்பி அவிழ்க்கும்வரை சாயிரா எனக்குக் கஞ்சியை ஸ்பூனால் பல்லிடுக்கில் ஊற்றினாள். அவள் பேசுவாள், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு எதுவும் மாறவில்லை.