மஞ்சள் அறையில் கீழாநெல்லி

பெயிண்டருக்குக் கண் மஞ்சளித்த செய்தி பரவிய அன்றே தெருவில் இருந்த வைத்தியர்களெல்லாம் வந்து குவிந்துவிட்டார்கள். தையல்காரர் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி வந்தார். எதிர்வீட்டு அக்கா, ஈரலுக்குக் கரிசலாங்கண்ணிதான் என்று அடித்துச் சொன்னார். பால்காரர் ஆவாரம்பூவோடு வந்து, இதைக் குடித்த தன் சகலை இன்றும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார் என்றார். சகலைக்கு வந்தது சர்க்கரை என்பது போகிறபோக்கில் தெரிந்தது. செம்பருத்தி கொண்டுவந்தவர் மட்டும் அது எதற்கென்று சொல்லவில்லை. வெறுங்கையோடு எப்படி வருவது என்று பறித்தாராம்.

பெயிண்டரின் மனைவி கீழாநெல்லியைத் தேர்ந்தெடுத்தாள். அவளுடைய அண்ணனுக்குக் காமாலை வந்தபோது அதுதான் கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய் வரலாமா என்று பெயிண்டர் இழுத்தார்.

"முதல்ல இதைக் குடிங்க. ஊசி போட்டுட்டா இலை வேலை செய்யாது" என்றாள்.

தினமும் வெறும் வயிற்றில் பச்சை விழுதை மோரில் கரைத்துக் கொடுத்தாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்துவிட்டு, படுக்கையறைக் கண்ணாடியில் கண்ணை விரித்துப் பார்ப்பார். மஞ்சள் குறைந்துதான் தெரிந்தது. நிறம் பார்ப்பதில் அவர் புலி. சுவரைப் பார்த்தே எந்தச் சாயம் எவ்வளவு கலந்தது என்று சொல்கிற ஆள். அவரே குறைந்துவிட்டது என்றால் மறுத்துப் பேச யார் இருக்கிறார்கள்? உடம்பெல்லாம் அரித்தது, இடுப்பில் பேண்ட் நிற்கவில்லை. பத்தியம் இருந்தால் மெலியத்தானே செய்யும் என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

வேலையில் ஏணி மேல் நிற்கும்போது ஒருநாள் தலை சுற்றியது. அந்த அண்ணன்தான் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. கை கழுவப் போன பெயிண்டர் கண்ணாடியில் தன் கண் முன்னைவிட மஞ்சளித்திருப்பதைப் பார்த்தார். வீட்டுப் படுக்கையறை முழுக்க அடர்மஞ்சள். ஒரு பள்ளிக்கூடத்துக்கு அடித்து மிஞ்சியதை வீணாக்குவானேன் என்று அவரே பூசியது. அடர்நிறத்துக்குப் பக்கத்தில் எதுவும் வெளுத்துக் காட்டும் என்று வாடிக்கையாளர்களுக்கு ஆயுசு முழுக்கப் பாடம் எடுத்தவர், தன் கண்ணுக்கு மட்டும் அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பித்தக்குழாயில் கட்டி, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் டாக்டர். மனைவி மருந்து வரிசையில் நின்றிருந்தாள், அண்ணன் அவளுக்குத் துணையாகப் போயிருந்தார். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் ஆபரேஷன் பண்ணிப் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னது பெயிண்டர் காதில் மட்டும் விழுந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு மத்தியானம் மனைவி அவர் காலைப் பிடித்துவிட்டபடி கேட்டாள்.

"நான்தான் உங்களைப் போகவிடாம பண்ணேன். முன்னாடியே போயிருந்தா பொழைச்சிருப்பீங்களா?"

"எப்ப வந்திருந்தாலும் இதேதான்னு டாக்டரே சொல்லிட்டாரு. இத்தனை நாள் ஓடினதே உன் இலையாலதானாம்."

ஆறுதலுக்கு அவர் கலந்த பொய்யில் ஒரு கை கூடிப்போயிற்று. அவள் முகம் தெளிந்தது. எழுந்து நேராகத் தையல்காரர் வீட்டுக்குப் போய், இன்னும் ஒரு கட்டுக் கீழாநெல்லி கேட்டு வந்தாள்.

அதுமுதல் காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். சோறே இறங்காத தொண்டையில் அதை மட்டும் சொட்டு விடாமல் இறக்கினார். குமட்டலை அடக்கிக்கொண்டு, அவள் டம்ளரைக் கழுவப் பின்பக்கம் போகும்வரை பொறுத்திருந்து வாந்தி எடுத்தார்.