சாமியறையில் உடும்பு

இந்தக் குளிர் நாட்டில், எங்கள் லூயிஷாம் வீட்டில் நல்ல சூடுள்ள அறை ஒன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் சுடவைக்கும் பொய்லர். அந்த அறையில் முருகன் படம் இருந்தது. வேலைத்தலத்து நண்பர் ஒருவர் நாட்டைவிட்டுப் போகும்போது தன் உடும்பை என் தலையில் கட்டிவிட, முன்பின் யோசிக்காமல் அதையும் அங்கேயே குடிவைத்தேன்.

பெட்டியை நானே அடித்தேன். மரப்பலகை, முன்னால் கண்ணாடிக் கதவு, மேலே சூட்டு விளக்கு, அடியில் அது வளை தோண்ட முழங்கால் உயரத்துக்கு ஈரமண். மனைவி ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், "எப்ப அண்ணை கறி?" என்று கேட்டதும் அவளுக்குச் சுள்ளென்று ஏறியது.

"உது எங்கட வீட்டுப் பிள்ளை. உங்களுக்குத் தேத்தண்ணி மட்டுந்தான்."

அன்றைக்கு அவள்மேல் எனக்குப் புதிதாக ஆசை வந்தது.

ஆனால் கந்தசஷ்டி வந்தது. "விரதம் முடியுமட்டும் சாமியறையில எலி தின்ன ஏலாது," என்றாள். நியாயம்தான். பெட்டி சரியான பாரம். மண்ணில் பாதியைத் தோட்டத்தில் கொட்டிவிட்டு, முன் அறை யன்னலோரம் இழுத்து வைத்தேன். அன்றிலிருந்து உடும்பு எலியையும் பார்க்கவில்லை, வெட்டுக்கிளியையும் பார்க்கவில்லை.

"அதுவும் என்னோட விரதம் பிடிக்குது," என்று மனைவிக்கு ஒரே பெருமை. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன், மடையன்.

விரதம் முடிக்கும் பாறணை அன்று அவள் இலையின் முன் உட்கார்ந்தாள். உடும்புக்கும் ஓர் எலி வைத்தேன். அசையவில்லை. அவள் எழுந்துவந்து அதைத் தொட்டுப் பார்த்தாள். யன்னல் காற்றில், விளக்குச் சூட்டையும் மீறி முதுகு சில்லிட்டுக் கிடந்தது. புதைந்துகொள்ள மண்ணும் போதவில்லை.

"ஐயோ, இது விரதமில்லையப்பா, குளிரில சாகுது! உள்ளுக்குக் கொண்டு போங்கோ."

"அப்ப எலி?" என்றேன்.

அவள் சாமியறைக்குள் போய், முருகன் படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நான் பெட்டியை உள்ளே இழுத்து வைத்து, மண்ணை மறுபடி அள்ளி நிரப்பினேன். செத்துவிடுமோ என்ற பயத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று முழுக்க அவள் தேத்தண்ணியோடு சரி. மறுநாள் மத்தியானம் உடும்பு எலியை விழுங்கிய பிறகுதான் சோற்றில் கை வைத்தாள்.

முருகன் இப்போது முன் அறை யன்னலோரம் இருக்கிறார். அவருக்குக் குளிராதா என்று ஒருநாள் சீண்டிப் பார்த்தேன்.

"அவர் மலையில இருந்து பழகினவர்," என்றாள். "இவனுக்கு எங்களை விட்டா ஆர்?"