நாற்பத்து மூன்றாவது ஆள்

எங்கள் தையல் தொழிற்சாலையில் என் அக்காவுக்கு எக்ஸ்ரே என்று பெயர். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே போகும் வாசலில் நின்று, ஒவ்வொருத்தியையும் தொட்டுப் பார்த்துச் சோதித்து அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அதைத்தான் செய்கிறாள். நூல்கண்டு, பட்டன், ஜிப், ஒரு தடவை மடித்துச் சுருட்டிய முழுச் சட்டை என்று எதுவும் அவள் கையைத் தாண்டிப் போனதில்லை. நான் உள்ளே காலர் தைக்கிறவள். நான் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒன்பது வருஷமும் கூடப்பிறந்தவளே என்னைச் சோதித்துத்தான் வெளியே விட்டிருக்கிறாள். தோள், அக்குள், இடுப்பு, கணுக்கால். மழை கொட்டுகிற நாளில்கூட ஒன்றைக் குறைத்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பெண்கள் சிறையில் காவலர் வேலை கிடைத்தது என்றால் அதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? ஆனால் அவள் ஆச்சரியப்பட்டுப் போனாள். பரீட்சை எழுதினாள், மைதானத்தில் மூச்சு வாங்க ஓடினாள், உயரம் அளந்தார்கள், எல்லாம் சும்மா ஒரு கை பார்ப்போம் என்றுதான். உத்தரவு கையில் வந்த பிறகுதான் இது நிஜம் என்று அவளுக்கு உறைத்தது. பதினைந்து நாளுக்குள் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். வயது வரம்பு இந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வழியில்லை.

அக்கா வீட்டுக்காரர் மோட்டார் மெக்கானிக். எதையும் விளையாட்டாகத்தான் பேசுவார். ஊரில் ஆளைப் பிடித்து ஜெயிலில் போடுவார்கள், எங்கள் வீட்டில்தான் பரீட்சை எழுதிப் போகிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஜெயிலை மாமியார் வீடு என்கிறார்களே, ஏற்கனவே ஒரு மாமியாரோடு படுகிற பாடு போதாதா என்றும் கேட்டார். அவருடைய அம்மா, அதாவது நிஜமான மாமியார், காய் நறுக்கிக்கொண்டே அதைக் கேட்டுவிட்டு, "உலகத்துல எல்லாரும் கம்பி எண்ணப் போவாங்க. இவ கம்பி எண்ணுறவங்களை எண்ணப் போறா. போகட்டும் விடு" என்றார். அந்த வீட்டில் தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குப் போவாள், பால் பொங்கி வழியும். துவைத்ததையே மறுபடி ஊறப்போடுவாள். பூட்டிய கதவைத் திறந்து திரும்பப் பூட்டுவாள். நான் அடுத்த தெருவில் இருக்கிறேன். காலையில் பல் விளக்கும் முன்பே என் வாசலில் வந்து நிற்பாள்.  பேருந்து நேரம் என்ன என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பேருந்தில்தான் இரண்டு பேரும் தினம் வேலைக்குப் போகிறோம். குட்டி போட்ட பூனையாவது தரையில் நடக்கும், இவள் மதில்மேல் அல்லவா நடக்கிறாள் என்றார் மாமா. அதற்கும் அவள் சிரிக்கவில்லை.

அவள் தயங்கியதற்குக் காரணம் மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் அன்று நான் அங்கே இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகள் பள்ளிக்குக் கிளம்பி நின்றாள். அக்கா ஆசையாகப் பக்கத்தில் இழுத்து அணைத்தாள். அணைத்த கை சும்மா இருக்கவில்லை. தோளிலிருந்து அக்குளுக்கு, அங்கிருந்து இடுப்புக்கு, சட்டைப் பைக்கு என்று அதுபாட்டுக்குப் போயிற்று. மகள் அசையாமல் இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு, "நான் எதையும் எடுத்துட்டுப் போகலம்மா" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பழக்கப்பட்டவள் சொல்வதுபோல் சொன்னாள். அவள் போன பிறகு அக்கா வெகுநேரம் தன் இரண்டு உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கேயே இந்தக் கை இப்படி ஆகிவிட்டது, அங்கே போனால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டாள்.

போகாதே என்றுதான் நான் சொன்னேன். அவள் மேல் இருந்த அக்கறையில் சொன்னேன் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பொய். எனக்கு அவள் மேல் தீராத ஒரு கோபம் இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன் ஒரு நாள் வேலை நடுவே நூல்கண்டு தீர்ந்து, புதிதாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டவள், மணி அடித்ததும் மறந்து அப்படியே வரிசையில் வந்து நின்றுவிட்டேன். அக்கா கை அதைத் தொட்டது. பின்னால் இருநூறு பெண்கள் நிற்கிறார்கள். மறந்துட்டேன்க்கா, சத்தியமா மறந்துட்டேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்து, "நம்புறேன். ஆனா எழுதணும்" என்றாள். எழுதினாள். மூன்று நாள் என்னை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு பேசினேன், ஆனால் அவள் எழுதிய அந்த வரி வாசல் ரிஜிஸ்டரில் இருப்பதுபோல் என்னிடமும் இருந்தது. நீ அந்த வேலைக்கென்றே பிறந்தவள், அதனால்தான் போகாதே என்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சொன்ன பிறகு இரண்டு வாய்ச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் நாள் சிறையிலிருந்து கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த மாதமே பாதிப் பேர் ஓடிவிடுகிறார்களாம். அதனால் முன்கூட்டியே ஒரு நாள் வந்து உள்ளே இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று ஒரு ஏற்பாடு. அக்கா போனாள். மறுநாள் பேருந்தில் என்னிடம் சொன்னது இது.

அவளுக்கு அங்கே எதுவும் புதிதாகத் தெரியவில்லை. வாசலில் செல்போனை வாங்கி வைத்தார்கள், இங்கேயும் வாங்குகிறார்கள். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும். தையல் கூடம்கூட ஒன்று இருந்தது. தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மெஷினில் நூல் கோக்கத் தெரியாமல் திணற, அக்கா கோத்துக் கொடுத்தாளாம். சாயங்காலம் அறைகளைப் பூட்டும் முன் ஆள் கணக்கு எடுப்பார்கள். பெண்கள் முற்றத்தில் வரிசையாக உட்கார, காவலர் ஒவ்வொருத்தியாகச் சுட்டிச் சத்தமாக எண்ண வேண்டும். தலைமைக் காவலர் அம்மா அக்காவை எண்ணச் சொன்னார். எண்ணுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எண்ணி முடித்து நாற்பத்து மூன்று என்றாள். பலகையில் நாற்பத்து இரண்டு என்று எழுதியிருந்தது.

ஆள் குறைந்தால் தப்பிவிட்டாள் என்று தேடலாம். கூடினால் என்ன செய்வது? அடுத்த பிளாக்கில் கணக்கை நிறுத்தினார்கள். எல்லாப் பெண்களும் எழுந்த இடத்திலேயே திரும்ப உட்கார்ந்தார்கள். அக்கா மறுபடி எண்ணினாள். மறுபடி நாற்பத்து மூன்று.  அப்போது இரண்டாம் வரிசையில் இருந்த ஒருத்தி, எங்கள் வயதுதான் இருக்கும், தலையைத் தூக்காமல் மெதுவாகச் சொன்னாள். "அக்கா, உங்களையும் சேத்து எண்ணுறீங்க."

உண்மைதான். எங்கள் தொழிற்சாலையில் முன்பு ஒருத்தி கழிப்பறையில் இருந்தபோது வெளியே பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலிருந்து உள்ளே வந்த தலையும் வெளியே போன தலையும் சரியாக இருந்தால்தான் கதவைப் பூட்டலாம். கடைசியில் வெளியே போகிறவள் அக்கா. ஆகவே தினமும் எல்லோரையும் எண்ணி முடித்ததும் தன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, கடைசி எண்ணைச் சொல்வாள். பதினோரு வருஷப் பழக்கம். அங்கேயும் நாற்பத்து இரண்டு முடிந்ததும் கை தானாக நெஞ்சுக்குப் போயிருக்கிறது.

முற்றமே சிரித்ததாம். தலைமைக் காவலர் அம்மாவும் சிரித்துவிட்டார். பிறகு அக்காவை ஓரமாகக் கூப்பிட்டு, கோபம் இல்லாமல், "இங்க நீ எண்ணிக்கையில இல்லம்மா. அதைப் பழகிக்கோ, இல்லன்னா கஷ்டம்" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பிறகு அவள் அலைச்சல் இரண்டு மடங்கானது. எண்ணிக்கையில் இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று வெங்காயம் உரிக்கும்போது கேட்டாள். வாசலில் என்னைச் சோதிக்கும்போதுகூடக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்?  மாமா பதில் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் தங்களை விட்டுவிட்டு ஊரை எண்ணுவார்கள், நீ உன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறாய், அது தப்பே இல்லை என்றார். அவர் வாழ்நாளில் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான். அக்கா அதையும் கேட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள்.

பதினான்காம் நாள் சாயங்காலம். மறுநாளோடு கெடு முடிகிறது. வரிசையில் இப்போதெல்லாம் நான் கடைசி, அவளோடு சேர்ந்து போக வேண்டுமே. எனக்கு முன்னால் இருந்தவள் போனதும் நான் வழக்கம்போல் கையைத் தூக்கினேன். தோள், அக்குள், இடுப்பு, கணுக்கால். முடித்தவள் நகரவில்லை. எனக்கு எதிரில் நின்று தன் இரண்டு கையையும் தூக்கினாள்.

"என்னை ஒரு தடவை பாத்து விடு. பதினோரு வருஷமா எல்லாரையும் தொட்டுப் பாத்திருக்கேன். எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அந்த வாசலில் அவளைச் சோதிக்க ஆள் கிடையாது என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. ஒன்பது வருஷம் தினம் பார்த்தும் தோன்றாதது. எனக்கு அந்த வேலை தெரியாது. தோளைத் தொட்டேன், கூச்சமாக இருந்தது. அழுத்திப் பாரு, தடவக் கூடாது என்றாள். அக்குள் பக்கம் கை வைத்தபோது அவள் நெஞ்சு அடித்துக்கொள்வது என் விரலுக்குத் தெரிந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் அப்படித்தான் மூடிக்கொள்வோம்.  நான்கு வருஷக் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தேடினாலும் கிடைக்கவில்லை.

இடுப்பில் மடிப்புக்குள் ஏதோ சரசரத்தது. எடுத்தேன். நான்காக மடித்த தாள். சிறை வேலைக்கான சம்மதக் கடிதம். கீழே அக்காவின் கையெழுத்து, கொம்பும் சுழியுமாக, ரிஜிஸ்டரில் போடுகிற அதே கையெழுத்து. பக்கத்தில் சாட்சி என்று அச்சடித்த இடம் காலியாக இருந்தது.

மாமாவிடம் வாங்கலாமே என்றேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"அவரை நான் எழுதினது இல்ல. உன்னைத்தான் எழுதியிருக்கேன்."

 உள்ளே யாரோ மின்விசிறியை நிறுத்தாமல் போயிருந்தார்கள், அது சுற்றும் சத்தம் கேட்டது. போனா நீ மாறிடுவியாக்கா என்று கேட்டேன். தெரியல என்றாள். நான் மாறினா வந்து சொல்லு, நீதான் முகத்துக்கு நேரா சொல்லுவ என்றாள்.

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. வரிசையில் பேனா எடுத்து வர எங்களுக்கு அனுமதி இல்லை, துணியில் மை பட்டுவிடும் என்பார்கள். மேசையில் ரிஜிஸ்டரோடு நூலில் கட்டிய பேனா ஒன்றுதான் உண்டு. நூல் குட்டை. குனிந்து கையெழுத்துப் போட்டேன்.

அக்கா தாளை வாங்கி மடித்து அதே இடத்தில் செருகிக்கொண்டு ரிஜிஸ்டரைத் திறந்தாள். என்னோடு இருநூற்றுப் பதினாறு. அவள் கை வழக்கம்போல் நெஞ்சுக்குப் போக எழுந்தது. அதற்குள் நான் அவள் தோளைத் தொட்டேன்.

"இருநூத்திப் பதினேழு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அதை எழுதினாள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து கதவைப் பூட்டினோம்.